இழை: 'உலகத்தரம்' பலகைக்காரர்களுக்கே இருக்கட்டும், குத்துச்சண்டைக்கு வேறு சொல் வேண்டும்

அனுப்புவது: காரைக்குடி, தொகுப்பாளர்

அனைவருக்கும் வணக்கம்.

விளையாட்டுச் சொல்லடைவில் குத்துச்சண்டைப் பகுதி என் தலையில் விழுந்திருக்கிறது. சுற்று, நடுவர், கையுறை எல்லாம் முடிந்தது. ஹெவிவெயிட்டுக்கு 'மிகு எடை' என்று போட்டு, 200 பவுண்டுக்கு மேல், அதாவது 90.7 கிலோவுக்கு மேல், அதற்கு உச்சவரம்பு கிடையாது என்று விளக்கமும் எழுதிவிட்டேன். மாட்டிக்கொண்டது ஒரே இடத்தில்.

மிகு எடைக்காரர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் 'வேர்ல்டு கிளாஸ்' என்று ஒரு கூட்டத்தைத் தனியாகப் பிரிக்கிறார்கள். அவர் சாம்பியனாக இருக்கவேண்டும் என்பதில்லை. சாம்பியனோடு மேடையேற்றினால், டிக்கெட் வாங்கியவன் ஏமாந்தோம் என்று எழுந்து போகமாட்டான். அந்தக் கூட்டத்துக்குத்தான் பெயர் வேண்டும்.

முதலில் 'உலகத்தரம்' என்று எழுதினேன். மறுநாள் செக்காலை ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது எதிரே மூன்று பலகைகள்: உலகத்தரத்தில் பல் சிகிச்சை, உலகத்தரத்தில் மழலையர் பள்ளி, உலகத்தரத்தில் மாடுலர் கிச்சன். பழைய சாமான் கடையில் எந்தக் கதவைத் தொட்டாலும் 'பர்மாத் தேக்கு' என்கிற கதைதான். வீட்டுக்கு வந்ததும் அடித்துவிட்டேன்.

தரவரிசையை வைத்து வரையறுக்கலாம் என்றால் அதுவும் ஆகாது. டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்று பட்டம் கொடுக்கிற அமைப்புகள் நான்கு. ஒவ்வொன்றும் குறைந்தது 15 பேரை வரிசைப்படுத்தும். ஒன்றில் மூன்றாவதாக இருப்பவர் அடுத்ததில் பட்டியலிலேயே இருக்கமாட்டார். நான்கையும் கூட்டிப் போட்டால் ஒரு கல்யாணப் பந்திக்கு ஆள் தேறும்; எல்லாரையும் இந்தச் சொல்லில் அடக்க முடியுமா?

யோசனை சொல்லுங்கள்.

---

அனுப்புவது: தேவகோட்டை

தம்பி, வரிசை மட்டுமில்லை, பட்டத்தையும் நம்பாதீர்கள். கென் நார்ட்டனைப் பாருங்கள். 1973 மார்ச்சில் சான் டியேகோவில் முகமது அலியின் தாடையை உடைத்து ஜெயித்தவர். ஆனால் உலகப் பட்டத்துக்காக மேடையேறிய மூன்று தடவையும், 1974ல் ஃபோர்மனிடம், 1976ல் அலியிடம், 1978ல் ஹோம்ஸிடம், தோற்றார். நடுவில் டபிள்யூபிசி அவரைச் சாம்பியன் என்று அறிவித்ததே, அது காகிதத்தில் வந்த பட்டம். அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டாலும் நார்ட்டன் நார்ட்டன்தான்.

இன்னொரு பக்கம் பீட்டர் மெக்நீலி. 36 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. கணக்கைப் பார்த்தால் மிரண்டுபோவீர்கள். 1995ல் சிறையிலிருந்து வந்த முன்னாள் சாம்பியன் மைக் டைசனுக்கு முதல் சண்டை அவரோடுதான். மெக்நீலியின் மானேஜரே கயிற்றுக்குள் ஏறிவந்து சண்டையை முடித்துவைத்தபோது ஓடியிருந்தது 89 விநாடி. அந்த 36 பேர் யார் யார் என்று முன்பே யாராவது கேட்டிருந்தால், இந்தச் சண்டைக்கு டிக்கெட்டே விற்றிருக்காது.

ஆக, எண்ணிக்கை பேசாது, யாரை எதிர்த்து நின்றான் என்பதுதான் பேசும். சொல்லில் அது வரவேண்டும்.

நான் முன்வைக்கும் சொல்: புள்ளி. நம் பக்கம் நகரத்தார் கோயில் வரிக்குக் கணக்கெடுக்கும்போது கல்யாணமானவனைத்தானே புள்ளியாகச் சேர்க்கிறோம்? எத்தனை பெரிய வீட்டுப் பிள்ளையானாலும் அதற்குமுன் புள்ளியில்லை. 'உலகப்புள்ளி' என்றால் உலகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளப்பட்டவன். 'பெரும்புள்ளி' ஏற்கனவே தமிழ்நாடு முழுக்கப் புழங்குகிறது.

(எங்கள் அப்பச்சி 1980ல் அலி சென்னைக்கு வந்தபோது நேரு ஸ்டேடியத்தில் போய்ப் பார்த்தவர். ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை. 'ரெண்டு பேரும் செல்லமாத் தட்டிக்கிட்டாக, அதுக்கு ரயில் செலவு வேற' என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த எல்லிஸும் ஒருகாலத்தில் டபிள்யூபிஏ சாம்பியன் என்று சொன்னால் நம்பவே மாட்டார்.)

---

அனுப்புவது: ஈப்போ

எதற்கு இவ்வளவு? 'வேர்ல்டு கிளாஸ்' என்றே தமிழ் எழுத்தில் போட்டுவிட்டுப் போங்கள். டீக்கடையில் அப்படித்தான் பேசுகிறார்கள்.

---

அனுப்புவது: கண்டனூர்

ஈப்போத் தம்பிக்கு: டீக்கடையில் பேசுவதற்குச் சொல்லடைவு தேவையில்லை. பள்ளிப் பிள்ளை கட்டுரை எழுதும்போது தேவை.

தேவகோட்டைத் தம்பியின் 'புள்ளி'யைப் படித்துச் சிரித்தேன், பிடித்தும் இருந்தது. ஆனால் ஓடாது. குத்துச்சண்டையில் நடுவர்கள் போடுவதே புள்ளி. 'உலகப்புள்ளி புள்ளிக்கணக்கில் வென்றார்' என்று எழுதினால் பிள்ளைகள் என்னதான் புரிந்துகொள்வார்கள்? நம் நகரத்தாரின் ஒன்பது கோயிலைத் தாண்டினால் அந்தக் கணக்கு யாருக்கும் தெரியவும் தெரியாது.

நான் முப்பத்திரண்டு வருஷம் தமிழ் நடத்தியவள். குத்துச்சண்டை ஒன்றுகூடப் பார்த்ததில்லை. ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்டால் எனக்கு நகை செய்கிற பத்தரின் பட்டறைதான் ஞாபகம் வருகிறது. சின்ன வயதில் எங்கள் ஆயாவின் கழுத்தீருவை, அதான் கல்யாணத்தில் கட்டுகிற தங்கத் தாலியை, பிரித்துப் பேத்திகளுக்குப் பங்கு வைத்தபோது, பத்தர் வீட்டுக்கே வந்து வளவில் உட்கார்ந்தார். மடியிலிருந்து கறுப்பாக, கைக்கு அடக்கமாக ஒரு கல்லை எடுத்தார். கழுத்தீருவில் கோத்திருந்த தங்க உரு ஒன்றை அதில் ஒரு இழுப்பு இழுத்தார். மஞ்சள் கோடு விழுந்தது. பக்கத்திலேயே, மாற்று, அதாவது பொன்னின் தரம், முன்பே தெரிந்த ஆணியால் இன்னொரு கோடு. இரண்டின் மேலும் ஒரு சொட்டுத் திராவகம். எது மங்குகிறது, எது நிற்கிறது என்று குனிந்து பார்த்தார். ஆயா எடையைப் பற்றி என்னவோ சொல்ல ஆரம்பித்தார். பத்தர் நிமிரவேயில்லை. 'எடை அப்புறம் ஆச்சி, கல்லு சொல்லட்டும்' என்றார்.

மெக்நீலியின் 36 வெற்றி எடை. நீங்கள் தேடுவது மாற்று. எனவே உரைகல், மாற்று என்ற பக்கம் யோசியுங்கள். 'மாற்றுடையவர்' எப்படி?

---

அனுப்புவது: சிராவயல் பக்கம்

எல்லோருக்கும் வணக்கம், தாமதத்துக்கு மன்னிக்க. ஆச்சி சொன்ன உரைகல் அருமை. எங்கள் ஊர் மஞ்சுவிரட்டிலும் இதே பேச்சுத்தான். ஒருவர் வந்து 'என் மாடு இதுவரை பிடிபட்டதே இல்லை' என்பார். உடனே பொட்டலில் யாராவது கேட்பார்கள்: 'எங்க அவுத்த மாடு?' பேர் தெரியாத வயலில் கட்டுமாடாக, அதாவது தொழுவுக்குக் கொண்டுவராமல் வெளியிலேயே, அவிழ்த்து, ஆள் இல்லாத பக்கமாக ஓடிப்போன மாட்டுக்கு மதிப்பில்லை. கூட்டத்துக்கு நடுவே திரும்பி நின்று விளையாடுகிற மாடு பிடிபட்டாலும் அதற்குப் பெயர் உண்டு. அடுத்த வருஷமும் அதைத் தேடித்தான் பிடிகாரர்கள் வருவார்கள்.

ஆனால் ஆச்சி, 'மாற்றுடையவர்' வேண்டாம். விளையாட்டுப் பக்கத்தில் 'மாற்று வீரர்' என்றால் இன்னொருவருக்குப் பதிலாக இறங்குபவர். ஆண்டி ரூயிஸ் 2019 ஜூனில் நியூயார்க்கில் அப்படி வந்தவர்தானே? அன்றைய சாம்பியன் ஜோஷுவாவோடு மோத இருந்தவர் விலக்கப்பட்டதால் கடைசி நேரத்தில் கூப்பிட்டார்கள். மூன்றாம் சுற்றில் முதலில் தானே விழுந்தார். எழுந்து, ஜோஷுவாவை நான்கு தடவை கீழே தள்ளி, ஏழாம் சுற்றில் முடித்துவிட்டார். 'மாற்று வீரர் மாற்றுடையவர் ஆனார்' என்று எழுதவேண்டி வரும். செய்தித் தலைப்புக்கு நன்றாக இருக்கும், சொல்லடைவுக்கு ஆகாது.

---

அனுப்புவது: காரைக்குடி, தொகுப்பாளர்

ஆச்சிக்கும் அண்ணன்மாருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதையே அசைபோட்டேன்.

உரைகல்லை எடுத்துக்கொள்கிறேன், ஆனால் ஆச்சி நினைத்ததற்கு இல்லை. மேலே ஏறி வருகிற இளைஞனை முதலில் ஒருவரோடு மோதவிட்டுப் பார்ப்பார்கள். அவரைத் தாண்டினால்தான் அடுத்த படி. 'கேட்கீப்பர்' என்பார்கள். 'வாயில்காப்போன்' என்று சிலர் எழுதுகிறார்கள். கோயில் வாசலில் கதாயுதத்தோடு நிற்கிறவர்தான் கண்ணில் வருகிறார். அந்த இடத்துக்கு உரைகல் அச்சாகப் பொருந்துகிறது. கல் தங்கமில்லை. ஆனால் கல் இல்லாமல் தங்கத்தைச் சொல்லமுடியாது. ஆணி என்பது சாம்பியன், கோட்டை அவரோடு வைத்துத்தான் ஒப்பிடுகிறோம். அதற்குப் பட்டதாரி, வாகையர் என்று ஏற்கனவே சொற்கள் இருப்பதால் ஆணியை நான் தொடவில்லை.

இனி நம் கூட்டம். 'உரைநின்றவர்' என்று முதலில் எழுதினேன். வீட்டில் வாசித்துக்காட்டினால், 'பேச்சு நின்னுபோனவரா?' என்று கேட்டார்கள். உரை என்றாலே இன்று மேடைப்பேச்சுதான். அதனால் உரைதேறியவர் என்று மாற்றினேன். 'தேறினான்' என்பது பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்த சொல். உரைகல்லும் உரைதேறியவரும் அகராதியில் அடுத்தடுத்து வருவதால் ஒன்றை ஒன்று விளக்கிக்கொள்ளும். 'உலக' என்ற ஒட்டும் தேவைப்படவில்லை, கல்லே உலகக் கல்தானே.

சொல் நிற்குமா என்று ஆட்களை வைத்துப் பார்த்தேன்.

நார்ட்டன், பேச்சே இல்லை. ஜெர்ரி குவாரி ஒருநாளும் சாம்பியன் ஆகவில்லை. ஃபிரேசியரிடமும் அலியிடமும் இரண்டிரண்டு முறை தோற்றார். ஆனால் ரான் லைலையும் எர்னி ஷேவர்ஸையும் 1973 ஒரே வருஷத்தில் வென்றவர். உரைதேறியவர்தான். உக்ரைனின் உசிக், மிகு எடைக்கு அடுத்த கீழ்ப் பிரிவில் நான்கு பட்டத்தையும் 2018லேயே சேர்த்தவர், மேலே வந்து ஜோஷுவாவை வென்று, 2024 மேயில் ரியாத்தில் ஃப்யூரியையும் வென்றார். அவருக்கு ஒரே ஒரு கோடு போதும்.

ஜார்ஜ் சுவாலோவில் தடுமாறினேன். 93 சண்டை, ஒருமுறைகூடத் தரையில் விழுந்ததில்லை. 1966ல் அலியோடு 15 சுற்றும் நின்றார். ஃபிரேசியரோடும் ஃபோர்மனோடும் மோதியபோது நடுவர்தான் சண்டையை நிறுத்தினார், அவர் விழவில்லை. குவாரியை 1969ல் அவரே வென்றிருக்கிறார். கல்லா, பொன்னா? இரண்டு தலைப்பிலும் எடுத்துக்காட்டாக அவரைப் போட்டிருக்கிறேன். திராவகம் ஊற்றியும் கோடு மங்காத கல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கியூபாவின் ஸ்டீவன்சனுக்கு இந்தச் சொல் தொழில்முறை மேடைக்கு மட்டும் என்று வரம்பு கட்டவேண்டியதாயிற்று. 1972, 1976, 1980 மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம். தொழில்முறைக்கு வரவே மறுத்தவர். நம் பத்தரிடம் வராத நகையைப் பற்றி நம் பத்தர் பேசக்கூடாது.

---

அனுப்புவது: கண்டனூர்

உரைதேறியவர், வாய்மொழித் தேர்வில் பாஸான முனைவர் பட்ட மாணவர் மாதிரி இருக்கிறது. ஆனால் வேறு நல்லது எனக்கும் தோன்றவில்லை. வைத்துக்கொள்ளுங்கள். 'பட்டதாரி' மட்டும் வேண்டவே வேண்டாம் தம்பி, பி.ஏ. முடித்தவன் எல்லாம் சாம்பியனா?

---

அனுப்புவது: தேவகோட்டை

எனக்கும் சம்மதம். ஒரே கேள்வி. பஸ்டர் டக்ளஸ்? 1990 பிப்ரவரியில் டோக்கியோவில், அதுவரை தோற்காத டைசனைப் பத்தாம் சுற்றில் வீழ்த்தியவர். எட்டு மாதத்தில் ஹோலிஃபீல்டிடம் மூன்றாம் சுற்றில் படுத்துவிட்டார். ஒரு ராத்திரி தேறினால் தேறியதாகுமா?

---

அனுப்புவது: சிராவயல் பக்கம்

ஆகும். ஒரு வருஷம் நின்று விளையாடினாலும் அந்த மாட்டுக்குப் பெயர் பெயர்தான்.

---

அனுப்புவது: தேவகோட்டை

ஆகாது. பத்தர் ஒரே இழுப்பில் முடிவு சொன்னாரா? ஆணிக்கோடும் திராவகமும் எதற்கு?

---

அனுப்புவது: காரைக்குடி, தொகுப்பாளர்

பட்டதாரியை எடுத்துவிட்டேன், வாகையர் மட்டும். உரைகல், உரைதேறியவர் இரண்டும் மெய்ப்புக்குப் போகின்றன. 'உலகத்தரம்' என்று தேடுகிறவர்களை அங்கே திருப்பிவிட ஒரு வரி சேர்த்தாயிற்று. டக்ளஸுக்குத் தனி இழை திறந்திருக்கிறேன். சண்டையை அங்கே வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே, எனக்கு இன்னும் நீச்சல் பகுதி பாக்கி.