பகிர்வுப் பொருளாதாரத்தில் எது பகிர்வு, எது வாடகை?

கணக்கன்:
சும்மா கிடக்கிற வீட்டையும் வண்டியையும் செயலி வழியாக அடுத்தவருக்குக் கொடுப்பதைப் பகிர்வுப் பொருளாதாரம் என்கிறார்கள். அந்தப் பெயரே ஏமாற்று, உள்ளே நடப்பது சுரண்டல் என்று வண்டிக்காரன் நேற்று எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. சும்மா கிடக்கிற பொருளை இன்னொருவர் கையில் சேர்க்க முன்பெல்லாம் எவ்வளவு அலைச்சல், யாரைத் தேடுவது, நம்பலாமா, காசு எப்படி வாங்குவது. இந்தப் பரிமாற்றச் செலவால்தான் நிறுவனங்களே உருவாகின்றன என்று பொருளாதார அறிஞர் ரொனால்ட் கோஸ் 1937-லேயே சொன்னார். கைப்பேசியும் ஜிபிஎஸ்ஸும் நட்சத்திர மதிப்பீடும் அந்தச் செலவை மிகவும் குறைத்துவிட்டன. வீடுகளை நாள் வாடகைக்குப் பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி தொடங்கியதே எப்படி? 2007-ல் சான் பிரான்சிஸ்கோவில் வாடகை கட்டத் திணறியவர்கள் வீட்டில் காற்று மெத்தை போட்டு 3 பேரைத் தங்க வைத்தார்கள். இது பகிர்வு இல்லையா?

வண்டிக்காரன்:
சரி சார், அந்த மெத்தை பகிர்வுதான். இன்று ஒரே ஆள் பல வீடுகளைப் பட்டியலில் போடுகிறார், ஒன்றிலும் அவர் குடியில்லை. நியூயார்க்கில் 2023 செப்டம்பரிலிருந்து கண்டிப்பு வந்தது: 30 நாளுக்குக் குறைவாகத் தங்கவைத்தால் வீட்டுக்காரரும் கூடவே இருக்கணும், விருந்தினர் 2 பேருக்கு மேல் கூடாது. உண்மையிலேயே பகிருங்கள் என்றதும் குறுகிய காலப் பட்டியலில் பெரும்பகுதி காணாமல் போனது!

நான் ஒரு வாடகை வண்டிச் செயலியில் மூன்று வருடம் ஓட்டினேன். கடனில் எடுத்த வண்டி, சும்மா கிடந்தது இல்லை. திரையில் அழைப்பு வரும், சில நொடிக்குள் தொடணும், எங்கே போகணும் என்பது ஏற்ற பிறகுதான் தெரியும். ராத்திரி கணக்குப் பார்த்தால் பயணி ஏறியிருந்த நேரத்துக்கு மட்டும் காசு, காலியாக ஓடிய கிலோமீட்டரும் டயர் தேய்மானமும் என் தலையில்.

மாடிப்படி:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். பிளாப்ளாகார் என்ற கார்ப் பயணப் பகிர்வுச் செயலியில் ஓட்டுநர் எப்படியும் போகிற ஊருக்குத்தான் போகிறார், காலி இருக்கையை நிரப்பிச் செலவைப் பிரித்துக்கொள்ளலாம், லாபம் வைக்கக் கூடாது. செயலி இல்லாவிட்டாலும் அந்தப் பயணம் நடந்திருக்குமா என்று கேட்டாலே பகிர்வு எது என்று தெரிந்துவிடும்.

கணக்கன்:
நல்ல கேள்வி, பெயரை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் சுரண்டல் என்பதை ஏற்க மாட்டேன். ஊபர் 2019-ல் மட்டும் சுமார் 850 கோடி டாலர் நட்டம், ஆண்டு முழுமைக்குமான இயக்க லாபம் முதல்முறையாக வந்ததே 2023-ல்தான். சுரண்டுகிறவன் இப்படியா நட்டப்படுவான்?

வண்டிக்காரன்:
அந்த நட்டம்தான் சார் தூண்டில். முதலீட்டாளர் காசில் கட்டணத்தைக் குறைத்தால் பயணி வருவார், பயணி இருக்கிற இடத்துக்கு ஓட்டுநர் வந்தே ஆகணும், அப்புறம் இரண்டு பக்கமும் நகர முடியாது. மூன்று வருடம் சேர்த்த என் மதிப்பீட்டை அடுத்த செயலிக்குக் கொண்டுபோக வழியில்லை, புது ஆள் மாதிரி முதலிலிருந்து தொடங்கினேன். கட்டணத்தையும் நிபந்தனையையும் நிறுவனமே தீர்மானிக்கிறது என்பதைப் பார்த்துத்தான் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021-ல் ஊபர் ஓட்டுநர்களைச் சுயதொழில் செய்பவர் அல்ல, தொழிலாளர் என்றது, செயலியைத் திறந்துவைத்துக் காத்திருப்பதும் வேலை நேரம் என்றது.

கணக்கன்:
காத்திருப்புக்குக் காசு கேட்டால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். நியூயார்க்கில் ஓட்டுநர்களின் குறைந்தபட்ச ஊதியக் கணக்கில் காலி நேரமும் சேர்கிறது, அந்த நேரத்தைக் குறைக்க 2024-ல் நிறுவனங்கள் ஓட்டுநர்களை அவ்வப்போது செயலிக்குள் விடாமல் பூட்டின. நினைத்தபோது ஓட்டலாம் என்கிற வசதி போச்சு.

வண்டிக்காரன்:
பூட்டியது உண்மை, அங்கே நான் இருந்திருந்தால் நானும்தான் திட்டியிருப்பேன். ஆனால் என் காத்திருப்பு இலவசமாக இருந்தவரை தெருவில் எத்தனை வண்டி காலியாகச் சுற்றினாலும் அவர்களுக்குக் கவலையே இல்லையே, செலவு அவர்கள் பக்கம் வந்த பிறகுதானே எண்ண ஆரம்பித்தார்கள்?