தாத்தாவின் 78 ஆர்.பி.எம். தட்டுகள்: எப்படிக் கழுவுவது, எதில் போடுவது?

தென்காசிப் பேரன்:
வணக்கம். தாத்தா வாங்கிவைத்த 78 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடுற) கிராமபோன் தட்டுகள் ஒரு தகரப்பெட்டி நிறைய இருக்கு. எச்.எம்.வி., கொலம்பியா, கொஞ்சம் ஓடியன் கம்பெனித் தட்டுகள். நாடகப் பாட்டும் நாதஸ்வரமும்தான் அதிகம். மேலே வெள்ளையாப் பூஞ்சை. சானிடைசரால் துடைக்கலாமா? சூட்கேஸ் மாதிரி விற்கிற புது பிளேயரில் 78 வேகம் இருக்கு, அதில் போடலாமா? பாட்டி கேட்கணும், அடுத்த தலைமுறைக்கும் இருக்கணும்.

அரக்குத்தட்டு:
சானிடைசரைக் கிட்டவே கொண்டுபோகாதீங்க. இந்தத் தட்டு அரக்கும் கல்மாவும் (கல்லை அரைச்ச தூள்) சேர்த்து அழுத்தினது. ஆசாரி ஸ்பிரிட்டில் கரைச்சு மரத்துக்குப் பாலிஷ் போடுவாரே, அதே அரக்குதான். சானிடைசரில் உள்ள ஆல்கஹால் பட்டா, பாட்டு பதிஞ்சிருக்கிற பள்ளம் கரைஞ்சுடும், பாட்டு திரும்ப வராது. தேங்காயெண்ணெயும் வேண்டாம், தூசியை இழுத்து வச்சுக்கும்.

கழுவறதுக்கு முன்னாடி லேபிள், உறை எல்லாத்தையும் படம் எடுத்துடுங்க. காகித உறையில் விற்ற கடையின் பெயரும் ஊரும் அச்சாகியிருக்கும். பென்சில்ல தேதியோ பெயரோ எழுதியிருக்கலாம். தாத்தா எந்த ஊர்ல எப்போ வாங்கினார்னு சொல்ல அது ஒண்ணுதான் மிச்சம். கிழிஞ்ச உறைன்னு குப்பையில் போட்டுடாதீங்க.

பூஞ்சையை வெளியில் வச்சு, மாஸ்க் போட்டு, காய்ந்த மெல்லிய பிரஷால் தட்டுங்க. அப்புறம் ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் (பேட்டரிக் கடையில் கிடைக்கும்) பாத்திரம் கழுவுற திரவம் மூணு சொட்டு. பிரஷை நனைச்சு, பள்ளம் போற வட்டத்திலேயே ஓட்டுங்க. லேபிள் நனையவே கூடாது. ஊற வைக்காதீங்க, சில தட்டுக்குள்ளே காகித அடுக்கு உண்டு, உப்பிடும். நல்ல தண்ணியால் ஒருமுறை அலசி, பருத்தித் துணியால் ஒற்றி, நிழலில் நிமிர்த்தி வைங்க. வெயில் பட்டா வளையும்.

முள்ளும் ஒலியும்:
சூட்கேஸ் பிளேயரில் வேகம் மட்டும்தான் 78. முள் எல்பி-க்கானது (பின்னாளில் வந்த 33 வேக வினைல் தட்டு): 0.7 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று), அதாவது சுமார் 18 மைக்ரான். 78 தட்டின் பள்ளத்துக்கு 3 மில், சுமார் 76 மைக்ரான் வேணும். சின்ன முள் சுவரைத் தொடாமல் பள்ளத்தின் அடியில் கிடக்கிற அழுக்கில் இழுபடும், இரைச்சல்தான் கேட்கும். 78-க்குத் தனி முள் மாற்றக்கூடிய கார்ட்ரிட்ஜ் (முள்ளைப் பிடித்திருக்கும் தலைப்பகுதி) உள்ள டர்ன்டேபிள் (தட்டு சுழலும் பிளேயர்) வாங்குங்க. முள் தட்டை அழுத்தும் எடை 3 முதல் 5 கிராம் வரை, தயாரிப்பாளர் சொன்னபடி.

தென்காசிப் பேரன்:
நன்றிங்க. சாவி கொடுக்கிற பழைய பெட்டியும் இருக்கு. அதிலேயே போட்டா?

முள்ளும் ஒலியும்:
ஒரு பக்கத்துக்கு ஒரு புது எஃகு ஊசி, அதுதான் விதி. தட்டில் உள்ள கல்மா ஊசியைத் தேய்த்துப் பள்ளத்தின் வடிவத்துக்குக் கொண்டுவரும். ரெண்டாவது பக்கத்தில் அந்தத் தேய்ந்த விளிம்பு உளிபோலச் செதுக்கும். விளக்கைச் சாய்த்துப் பாருங்க: கருப்புப் பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்த இடமெல்லாம் தேய்மானம். பாட்டிக்காக நல்லா இருக்கிற இரண்டு மூன்றைப் பெட்டியில் போடலாம், மற்றதை வேண்டாம். எல்பியை அதில் வைக்கவே கூடாது, அந்தத் தலையின் கனத்துக்கு ஒரே ஓட்டத்தில் போய்விடும்.

பழையகுரல்:
அடுத்த தலைமுறைக்கும் இருக்கணும்னா கணினியில் பதிவு செய்து வைக்கணும், அதைப் பற்றி. 10 அங்குலத் தட்டு ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடம்தான். நாடக செட் பல தட்டில் தொடரும். லேபிளில் உள்ள பாக எண்ணைப் பார்த்து வரிசைப்படுத்திய பிறகே பதிவைத் தொடங்குங்க. கோப்பின் பெயரில் தட்டு எண், பக்கம் இரண்டும் இருக்கட்டும். 78 என்பதாலேயே 1940-க்கு முந்தியது என்று முடிவு கட்டாதீங்க. இந்தியாவில் 1960-களிலும் 78 அச்சானது.

பதிவின் தரம் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் (சுருக்கப்படாத ஒலி) கோப்பு. இடது, வலது இரண்டு சேனலையும் மோனோவாக (ஒரே சேனலாக)ச் சேருங்க, பாதி இரைச்சல் அதிலேயே அடங்கும். டர்ன்டேபிளில் 45 வரைதான் இருந்தால், 45-ல் ஓட்டிப் பதிந்து, ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் வேகத்தை 1.733 மடங்கு ஆக்கலாம். ஆனால் ஒலியின் சமன் (தடித்த, மெல்லிய ஒலிகளின் அளவு) மாறும், அதைச் சரிப்படுத்தும் ஈக்வலைசரில் சரிசெய்ய வேண்டிவரும். தட்டில் கீறல் இருந்தால் சுற்றுக்கு ஒரு 'டக்' வரும், மென்பொருளில் உள்ள டிக்ளிக் ('டக்' ஒலி நீக்கும்) வடிகட்டி அதை எடுத்துவிடும்.

இரைச்சலை முழுக்கத் துடைக்காதீங்க, நாதஸ்வரத்தின் கூர்மையும் சேர்ந்து போய்விடும். மூலக் கோப்பை அப்படியே வைத்துவிட்டு நகலில் வேலை செய்யுங்க. பாட்டி கேட்கும்போது பக்கத்தில் போனை ரெக்கார்டிங்கில் வைங்க. யார் பாடியது, எந்தக் கல்யாணத்தில் ஒலித்தது என்று அவங்க சொல்வது தனிக் கோப்பாக, அதே தட்டு எண்ணில் இருக்கட்டும்.