ஞாயிறு நோகொகிரியாமா: யார் யார் வர்றீங்க?

செந்தில்: இந்த ஞாயிறு நோகொகிரியாமா போலாம்னு இருக்கோம். குரிஹாமாவுல கப்பல் ஏறினா 40 நிமிஷத்துல மலை அடிவாரத்து ஊர் கானாயா. யோகோஹாமாவிலேருந்து அதுதான் சுளுவு. வர்றவங்க சொல்லுங்க 🙋

ஃபாத்திமா: நாங்க மூணு பேர். பேரே புதுசா இருக்கே, என்ன மலை?

ரேவதி: நோகொகிரின்னா ரம்பம். கப்பல்லேருந்து பார்த்தாலே முகடு பல்லு பல்லா தெரியும். கல்லு வெட்டி வெட்டி ஆன வடிவம்ப்பா அது. எடோ காலத்துலேருந்து (1603-1868) 1985 வரைக்கும் வெட்டியிருக்காங்க. நம்ம யோகோஹாமா துறைமுகம் கட்டினப்போ இந்தக் கல்லுதான் வந்துச்சு.

கணேசன்: உயரம் எவ்வளவு? அம்மா ஊர்லேருந்து வந்திருக்காங்க, முட்டி வலி.

செந்தில்: 329 மீட்டர்தான் சார். ரோப்வே இருக்கு. எல்லாருமே அதுலயே போயிடலாமா?

ரேவதி: செந்தில், அம்மா ரோப்வேயில வரட்டும். நடக்க முடிஞ்சவங்க ஷாரிகி பாதையில வாங்க, ப்ளீஸ். அதை விட்டுட்டா பாதி மலையைப் பார்க்காத மாதிரி.

ஃபாத்திமா: அதுல என்ன விசேஷம் அக்கா?

ரேவதி: மேல ஆம்பளைங்க வெட்டின கல்லை அந்தப் பாதை வழியாத்தான் கீழ இறக்கினாங்க, இறக்கினது பெரும்பாலும் பொம்பளைங்க. ஒரு கல்லு 80 கிலோ. மரவண்டியில மூணு கல்லு. வண்டியோட முன்பக்கத்தைத் தூக்கிப் பிடிச்சா பின்பக்கம் தரையில உரசும், அதுதான் பிரேக். இறக்கி வச்சுட்டு, காலி வண்டியை முதுகுல சுமந்துக்கிட்டு மறுபடி மேல ஏறணும். ஒரு நாளைக்கு மூணு நடை.

ரேவதி: பாதையில பதிச்ச கல்லுல சக்கரம் போன தடம் இன்னும் பள்ளமா இருக்கு. கையை வச்சுப் பாருங்க, விரல் உள்ள இறங்கும். எனக்கு அங்க இருக்கிற பெரிய புத்தர் சிலையை விட அந்தப் பள்ளம்தான் பெருசு.

கணேசன்: அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். "240 கிலோவா? மூணு நடையா?"ன்னு திரும்பத் திரும்பக் கேட்கிறாங்க.

செந்தில்: அப்போ ஷாரிகி பாதையே. நானும் நடக்கிறேன் அக்கா.

ஃபாத்திமா: என் பையன் நரகத்தை எட்டிப் பார்க்கிற பாறைன்னு ஒண்ணு இருக்காமேன்னு குதிக்கிறான். பயமில்லையே?

செந்தில்: ஜிகோகு நோசோகி. அந்தரத்துல நீட்டிக்கிட்டு இருக்கும், சுத்திக் கம்பி போட்டிருக்காங்க. கையைப் பிடிச்சுக்கோங்க. லீவு நாள்ல வரிசை நீளும்.

ரேவதி: அங்கேருந்து இறங்குற வழியில ஜிங்கோரோன்னு ஒரு சிற்பியும் அவர் சீடர்களும் செதுக்கின அரஹத் (ஞானம் அடைஞ்ச பௌத்தத் துறவிங்க) சிலைங்க, 1,500-க்கு மேல. நிறைய சிலைக்குத் தலை இல்ல. மெய்ஜி காலத்துல (1868-1912) பௌத்தத்தை எதிர்த்து உடைச்சது. அதைப் பார்க்கிறப்போ எனக்கு நெஞ்சு கனத்துப் போகும். பெரிய புத்தரும் ஜிங்கோரோ கைவண்ணம்தான், 1783. உயரம் 31 மீட்டர், கமகுரா ஊர்ல இருக்கிற பிரபலமான புத்தர் சிலையை விட ரொம்பப் பெருசு. அங்க போக நிறைய படி இறங்கணும் சார். அம்மாவுக்கு டாக்ஸி வச்சா சிலை பக்கத்து பார்க்கிங் வரைக்கும் போயிடலாம்.

கணேசன்: நல்லதாப் போச்சு. அட்டை கடிக்கும்னாங்களே?

ரேவதி: அது மழைக்காலத்துல சார், இந்த போசோ தீபகற்பத்துக் காடெல்லாம் இருக்கும். இப்போ குளிர்ல தொந்தரவு இல்ல. வானம் தெளிவா இருந்தா கடலுக்கு அந்தப் பக்கம் ஃபுஜி தெரியும்.

ஃபாத்திமா: சாப்பாடு? நான் லெமன் சாதம் கொண்டு வர்றேன்.

செந்தில்: மீன் சாப்பிடறவங்களுக்கு கானாயாவுல அஜின்னு ஒரு கடல் மீனை வறுத்துத் தருவாங்க, அந்த ஊருக்கே பேர் வாங்கின மீன். மத்தவங்களுக்கு லெமன் சாதம் போதும். பழைய ஷூ வேணாம், இறக்கத்துல கல்லு வழுக்கும்.

கணேசன்: ஒரு சேதி. அம்மா ரோப்வே ஏறுறதுக்கு முன்னாடி அந்தப் பாதையைக் கொஞ்ச தூரமாவது நடந்து பார்க்கணுமாம். முடியுமா ரேவதி?

ரேவதி: தாராளமா சார். ஊருக்குள்ளேருந்து போற ஆரம்பப் பாதை அவ்வளவு ஏத்தமில்ல. நான் அம்மா கூடவே நடக்கிறேன், முடியலைன்னா திரும்பிக் கூட்டிட்டு வந்து ரோப்வேயில ஏத்திட்டு அப்புறம் உங்களைப் பிடிச்சுக்கிறேன்.

செந்தில்: காலைல 7:30, குரிஹாமா ஸ்டேஷன் வாசல். காத்து பலமா இருந்தா கப்பல் ஓடாது, சனி ராத்திரி பார்த்துட்டு இங்கயே போடுறேன். அப்படி ஆனா வளைகுடாவைச் சுத்தி சிபா நகரம் வழியா ரயில்ல போகணும், சீக்கிரமே கிளம்பணும்.