கோர்ட்டுக்குப் போன ஈ-சலானை எங்கே தேடுவது?

அப்பாவின் டிவிஎஸ் எக்ஸெல்லை விற்கலாம் என்று பரிவாகன் என்ற அரசு வாகனத் தளத்தில் பார்த்தால், ஹெல்மெட் போடவில்லை என்று கும்பகோணத்தில் 1000 ரூபாய் அபராதச் சலான் நிற்கிறது. எங்கள் வண்டியோ திருவாரூர் பக்கம் வயலுக்கும் வீட்டுக்கும்தான் ஓடுகிறது. போட்டோவில் இருப்பது ஸ்கூட்டர், கடைசி எண் 3-ஆ 8-ஆ என்றே தெரியவில்லை! கேஸ் கோர்ட்டுக்குப் போய்விட்டது என்று வருகிறது, ஆனால் சலான் கேஸ்களை ஆன்லைனில் பார்க்கும் விர்ச்சுவல் கோர்ட் தளத்தில் வண்டி நம்பர் போட்டுத் தேடியும் ஒன்றும் இல்லை, கோர்ட் கேஸ்களைத் தேடும் ஈகோர்ட்ஸ் தளத்திலோ 16 இலக்க சிஎன்ஆர் நம்பர் (ஒவ்வொரு கேஸுக்கும் தரும் தனி எண்) கேட்கிறது, அது சலானில் கிடையாது. கும்பகோணம் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நேரில் கேட்டால் எடுத்துத் தருவார்களா, இல்லை வக்கீல் வைக்க வேண்டுமா? லோக் அதாலத்தில் (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) அபராதத்தைக் குறைத்துக் கட்டி முடித்துவிடு என்கிறார் மாமா. சரி, ஆனால் செய்யாததற்கு எதற்குக் கட்டணும்? வாங்குகிறவர் அவசரப்படுகிறார், டெல்டா பக்கம் யாராவது இதை முடித்திருந்தால் சொல்லுங்கள்.