மாமாவின் 1967 அல்ஃபா: ஏலத்துக்கு விடுறதா, ஆள் பார்த்து விக்கிறதா?

வெள்ளவத்தை வாசன்:
லண்டனில இருக்கிற என்ர மாமாட்ட 1967ஆம் ஆண்டு அல்ஃபா றோமியோ ஜூலியா ஸ்பிரின்ட் ஜிடி வெலோச்சே ஒண்டு இருக்கு. வலப்பக்க ஸ்டியரிங். முழுக்கக் கழட்டி, கறள் வெட்டி, எஞ்சின் வேலை செய்து, சிவப்புப் பெயின்ட் அடிச்சுப் புதுசு மாதிரி ஆக்கி வச்சிருக்கிறார். இப்ப வேலையில இருந்து இளைப்பாறி இஞ்ச வரப்போறார். காரை அங்கயே ஏலத்தில விடப்போறன் எண்டு நிக்கிறார். மாமி சொல்லுறா, ஏலக்காரருக்குக் கொமிஷன் அழுறதை விடத் தெரிஞ்ச ஆளுக்குக் குடுக்கலாமே எண்டு. ரெண்டு பேரும் தனித்தனியா எனக்கு வட்ஸ்அப்பில குரல் அனுப்பிக்கொண்டிருக்கினம். எனக்கெண்டால் கொழும்புக்கே கொண்டுவந்தால் என்ன எண்டு இருக்கு. என்ன சொல்லுறியள்?

பஞ்சிகாவத்தை நானா:
கொண்டு வார கதைய விடுங்க தம்பி. 2020 மார்ச்சில பூட்டின வாகன இறக்குமதிக் கதவு 2025 பெப்ரவரியில திறந்தது மெய்தான். ஆனா அது மூணு வருஷத்துக்கு உட்பட்ட காருக்கு. அறுபதை நெருங்குற காரைத் துறைமுகத்துல இறக்கிட்டுக் காயிதம் தூக்கிட்டு அலைய ஆயுசு பத்தாது. அப்படியே வந்தாலும் கடல் காத்து. கடற்கரைப் பக்கம் நிப்பாட்டுற கார் எப்படி ஈக்கும்னு, நம்ம கடைக்கு வார மட்கார்டைப் பாத்தாலே தெரியும்.

கணக்கன்:
மாமா சொல்வதுதான் சரி. தெரிந்தவருக்கு விற்றால் நம்மவர்களிடம் என்ன நடக்கும்? பாதிக் காசு இப்போது, மிச்சம் மகளின் கலியாணம் முடிந்த பிறகு. ஆறு மாதத்தில் கியர் விழாவிட்டால் மாமாவுக்குத் தொலைபேசி. ஏலத்தில் காரை உள்ளபடி விற்கிறார்கள். வாங்குபவர் முன்கூட்டியே வந்து பார்க்கலாம், ஆள் வைத்துச் சோதிக்கலாம், சுத்தியல் விழுந்தபின் முகத்தாட்சண்யத்துக்கு இடமில்லை.

அதோடு விலை ஊரறியத் தெரிகிறது. ஃபெராரி 250 ஜிடிஓ மொத்தம் 36தான் செய்தார்கள். 2014இல் ஒன்று 38 மில்லியன் டொலருக்குப் போனது. 2018இல் மொன்டரேயில் இன்னொன்று 48.4 மில்லியன். 2023இல் நியூயோர்க்கில் அதே ஜிடிஓ வகைக் கார் ஒன்று 51.7 மில்லியன். மூன்றும் ஏலத்தில். இன்னொன்று: இங்கிலாந்தில் சொந்தப் பாவனைக்கு வைத்திருந்த காரை இலாபத்துக்கு விற்றாலும் அந்த இலாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. ஆகவே ஒளித்து விற்க எந்தத் தேவையும் இல்லை.

ஹரோ சிவம்:
கணக்கன் அண்ணை, அதே 2018இல ஒரு ஜிடிஓ ஏலம் ஒண்டும் இல்லாமல் தனிய கைமாறி, கிட்டத்தட்ட 70 மில்லியன் எண்டு செய்தி வந்தது மறந்துபோச்சோ? பெரிய காசு அமைதியாத்தான் போகும்.

சரி, ஜிடிஓவை விடுவம். வாசன்ர மாமாவுக்குப் பொருந்துற கணக்கைப் பாருங்கோ. ஒரு பேச்சுக்குச் சுத்தியல் 60,000 பவுணில விழுது எண்டு வையுங்கோ. வாங்கிறவரிட்ட ஏலக்காரர் எடுக்கிற பிரீமியம் 12 வீதம், 7,200. அந்தப் பிரீமியத்துக்கு 20 வீதம் வற் வரி, 1,440. அவர் கட்டுறது 68,640. விக்கிறவரிட்ட 5 வீதக் கொமிஷன், 3,000, அதுக்கு வற் 600. மாமாவின்ர கைக்கு 56,400. நடுவில 12,240 பவுண் போச்சு. ஏல நிறுவனத்துக்கு நிறுவனம் வீதம் மாறும், ஆனால் நடுவில ஒரு பள்ளம் இருக்கிறது மாறாது. படம் எடுக்க, கொண்டுபோய் விட, காப்புறுதி எண்டு தனித்தனி பில் வேற வரும். மாமி சொன்னதில பிழை இல்லை.

கணக்கன்:
பள்ளம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "தெரிஞ்ச ஆள்" 60,000 தருவார் என்று எந்தத் தாளில் எழுதியிருக்கிறது? அவர் 45,000 என்றுதான் தொடங்குவார். அதுவும் ரொட்டியும் பிளேன்ரீயும் முடிந்த பிறகு.

நல்லூர் ஏ40:
ரொட்டி மட்டுமோ, மத்தியானச் சாப்பாடும் முடிச்சுத்தான் விலை கேப்பினம் 😄

கொட்டாஞ்சேனை டிங்கர்:
எல்லாரும் விலையைப் பேசுறீங்க, காரைப் பத்தி ஒருத்தரும் கேக்கலையே. வாசன் தம்பி, பெயின்ட் அடிக்க முந்தி எடுத்த படம் இருக்குங்களா? இந்த அல்ஃபாவுக்குக் கதவுக்குக் கீழ ஓடுற பெட்டி ஒரே தகடு இல்ல, உள்ள ஒண்டு, நடுவுல ஒண்டு, வெளிய ஒண்டு. வெளித் தகட்டை மட்டும் மாத்தி, புட்டிப் பசை இழுத்து, பளபளன்னு பெயின்ட் அடிச்சா ரெண்டு வருஷத்துக்கு ஒருத்தனும் கண்டுபிடிக்க மாட்டான். பிறகு உள்ளயிருந்து குமிழ் வரும். ஸ்பேர் வீல் கிடக்கிற பள்ளமும் அப்படித்தான், தண்ணி தேங்குற இடம்.

மீளக் கட்டின காருன்னா எனக்குப் பெயின்ட் முக்கியமே இல்லங்க. வெட்டின தகட்டோட படமும், வெல்டிங் முடிஞ்சு பெயின்ட்டுக்கு முந்தின படமும், பில்லும் இருந்தா அது ரெஸ்டோரேஷன். இல்லாட்டி அது பெயின்ட் ஜொப். ஏலத்துக்கு வாரவன் காந்தமும் பெயின்ட் தடிப்பு அளக்குற மெஷினும் கொண்டுதான் வருவான். கணக்கன் ஐயா சொல்ற "உள்ளபடி"யை நம்பி எதையாவது மறைச்சீங்கன்னா, கட்டலொக்ல போட்ட விவரம் பிழைன்னு காரைத் திருப்பிவிடவும் இடம் இருக்குங்க.

பஞ்சிகாவத்தை நானா:
டிங்கர் சொல்றது நெசம். இன்னொரு விஷயம். மாமா எவ்வளவு செலவழிச்சாரோ அதைத் திருப்பி எடுக்கலாம்னு நினைச்சா அது நடக்காது. செட்டியார் தெருவுல பழைய நகையைக் குடுத்தா தங்கத்துக்கு மட்டும்தான் காசு, செய்கூலியும் சேதாரமும் போனது போனதுதான். இதுவும் அதே. நம்ம ஆளுங்களுக்கு இது விளங்காததுக்குக் காரணம் ஈக்குது. இறக்குமதி நிப்பாட்டின காலத்துல பத்து வருஷம் ஓட்டின சின்ன ஜப்பான் காரையும் வாங்கின விலைக்கு மேல வித்தோம். 2022ல டொலர் இருநூறுல இருந்து முந்நூற்று அறுவதுக்குத் தாவினப்போ காசை பேங்க்ல வச்சவன் அழுதான், காரை வச்சவன் சிரிச்சான். அதனால கார்னா ஏறும்னு மண்டைக்குள்ள பதிஞ்சிட்டுது. இங்கிலாந்துல அப்படி ஒரு பஞ்சம் இல்ல.

ஹரோ சிவம்:
அப்ப ஏன் மீளக் கட்டோணும்? 2015இல பாரிஸ் ஏலத்தைப் பாருங்கோ. பிரான்சில ஒரு பண்ணைக் கொட்டிலுக்குள்ள பழைய பத்திரிகைக் கட்டுகளுக்குக் கீழ புதைஞ்சு கிடந்த ஃபெராரி 250 கலிபோர்னியா ஸ்பைடர். தூசியைக்கூடத் தட்டாமல் மேடைக்குக் கொண்டுவந்தாங்கள். 16 மில்லியன் யூரோவுக்கு மேல போச்சு. அமெரிக்காவில பெபிள் பீச் பழைய கார் போட்டியிலயும் 2024இல முதற்பரிசு எடுத்தது மீளக் கட்டாத 1934 புகாட்டி. உலகம் இப்ப பழசைப் பழசாப் பார்க்கத்தான் காசு குடுக்குது.

கணக்கன்:
சிவம், அந்த ஸ்பைடரில் நடிகர் அலன் டெலோன் இருக்கும் பழைய படம் ஒன்று இருந்தது. அந்த வகைக் காரே உலகத்தில் சொற்பம். அங்கே தூசிக்கும் விலை உண்டு. ஜூலியா ஸ்பிரின்ட் அப்படியில்லை, ஆயிரக்கணக்கில் செய்த கார். அதில் கறள் என்றால் கறள்தான். அதை வாங்குபவர் ஞாயிற்றுக்கிழமை ஓட்டப்போகிறவர். வேலை முடிந்த கார் கிடைத்தால் நாலு வருடம் கராஜ்காரரின் பின்னால் திரிய வேண்டாம் என்பதற்காகவே கூடக் கொடுப்பார்.

நல்லூர் ஏ40:
இந்த "ஒரிஜினல்" பைத்தியம் எனக்கு விளங்கிறேல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில யாழ்ப்பாணத்தில ஒஸ்ரின் ஏ40 ஓடினது மண்ணெண்ணெயில. காபுரேற்றருக்குள்ள நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. பாகம் கிடைக்காட்டி பட்டறையில அடிச்சுப் போட்டது. அந்தக் காரெல்லாம் இண்டைக்கும் ஓடுது. காரோட வந்த எஞ்சினே இருக்கோணும் எண்டுற உங்கட மச்சிங் நம்பர் சட்டம் பார்த்தால் எங்கட ஊரில ஒரு காரும் தேறாது. ஓடுதா, நிக்குதா? அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனை டிங்கர்:
ஓட்டுறதுக்குச் சரிங்க. விக்கிறதுக்கு? வாசன் தம்பி, எஞ்சின் நம்பர் என்னன்னு கேளுங்க. அந்த வருஷத்து ஜிடி வெலோச்சேல 1570 சிசி எஞ்சின், நம்பர் 00536ன்னு தொடங்கோணும்.

வெள்ளவத்தை வாசன்:
கேட்டன். 00512 எண்டு தொடங்குது. படமெல்லாம் இருக்காம், ஒரு சூட்கேஸ் நிறைய. இன்னொரு விஷயமும் சொன்னார், கார் முதலில வெள்ளை நிறமாம். சிவப்பு அவருக்குப் பிடிச்சதால அடிச்சவராம்.

கொட்டாஞ்சேனை டிங்கர்:
00512ன்னா 2000 சிசி. பின்னாடி வந்த ஜிடிவி அல்ஃபாவோட எஞ்சின். ஓட்டத்துக்கு நல்லா இருக்கும், இழுவை கூட, அங்க நிறையப் பேர் இப்படி மாத்தியிருக்காங்க. ஆனா காரோட பிறந்த எஞ்சின் இல்ல.

ஹரோ சிவம்:
இப்ப சொல்லுங்கோ கணக்கன் அண்ணை. சேசிஸ் நம்பரைக் குடுத்தால் இத்தாலியில ஆரேசெயில இருக்கிற அல்ஃபா மியூசியத்தின்ர ஆவணக் காப்பகம் எந்தத் திகதி செய்தது, என்ன நிறம், எந்த நாட்டுக்குப் போனது எண்டு தாளில எழுதித் தரும். ஏலத்துக்கு வாறவங்கள் அதைத்தான் முதலில கேப்பாங்கள். வெள்ளைக் கார் சிவப்பா நிக்குது, எஞ்சின் வேற. கட்டலொக்கில ரெண்டு வரி எழுதினவுடன விலை இறங்கும். ஆனால் ஓட்ட ஆசைப்படுற ஒருத்தர் நேர வந்து ஒருக்கா ஓட்டிப் பார்த்தால் அந்த 2000 சிசிக்கே விழுந்துடுவார். இது ஆள் பார்த்து விக்கிற கார்.

கணக்கன்:
எனக்கு நேர்மாறாகப் படுகிறது. குறை இருக்கிற காரைத்தான் ஏலத்தில் விற்க வேண்டும். எல்லாவற்றையும் அச்சில் போட்டுவிட்டால் பிறகு ஒருவரும் "நீங்கள் சொல்லவில்லையே" என்று வாசலில் வந்து நிற்க முடியாது. மாமா இங்கே வந்தபிறகு அங்கே வழக்குப் பேச யார் ஓடுவது? காரோடு வந்த பழைய எஞ்சினின் தொகுதி (பிளொக்) எங்கே என்று கேளுங்கள். அது இருந்தால் கதையே வேறு.

பஞ்சிகாவத்தை நானா:
அதைக் கேளுங்க முதல்ல. நம்ம ஆளா இருந்தா இரும்புக் கடைக்குப் போட்டிருப்பான்.

வெள்ளவத்தை வாசன்:
இருக்காம்! கராஜில. மாமி அதுக்கு மேல பலகை போட்டுக் கறிவேப்பிலைச் சாடி வச்சிருக்கிறா. குளிருக்கு உள்ள எடுத்தவவாம்.

கொட்டாஞ்சேனை டிங்கர்:
சாடியை இறக்கிட்டு நம்பர் தெரியிற மாதிரிப் படம் எடுக்கச் சொல்லுங்க. சிலிண்டருக்குள்ள எண்ணெய் விட்டு வைக்கச் சொல்லுங்க. இனி மாமா செலவழிச்சு அதைப் பூட்ட வேண்டாம், காரோட சேத்துக் குடுத்தாப் போதும். வாங்குறவன் விரும்பினாப் பூட்டட்டும். நிறத்தையும் தொட வேண்டாம்.

ஹரோ சிவம்:
தொகுதி இருக்கெண்டால் ஏலத்துக்கு நானும் அரை மனசா ஓம். ஆனால் ரிசர்வ், அதாவது குறைஞ்ச விலை எல்லை, கட்டாயம் வைக்கோணும். அதுக்குக் கீழ போனால் விக்காமல் வீட்டை கொண்டுவரலாம்.

கணக்கன்:
ரிசர்வை உயர்த்தி வைத்தால் கார் விற்காது. விற்காமல் போனது இணையத்தில் நிரந்தரமாகக் கிடக்கும். அடுத்த தடவை வருகிறவர் "அண்டைக்கே ஒருவரும் எடுக்கவில்லையே" என்று அதற்குக் கீழிருந்து தொடங்குவார். ரிசர்வ் வரும்வரை விற்பவருக்காக ஏலக்காரரே விலையைக் கூட்டலாம் என்று பல இடங்களில் நிபந்தனைத் தாளிலேயே இருக்கிறது, பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கு இது தெரியும். ரிசர்வ் இல்லை என்று அறிவித்தால்தான் கூட்டம் உண்மையாகக் கேட்கும்.

ஹரோ சிவம்:
மழை நாளில மண்டபத்தில ரெண்டே பேர் இருந்தால்? 30,000க்கு அடிச்சுக் குடுத்துட்டு மாமா வெள்ளவத்தை ஃபிளட்டில இருந்து கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறதோ? மதிப்பீட்டின்ர கீழ் எல்லைக்குச் சற்றுக் கீழ ஒரு ரிசர்வ். அதுக்கு மேல நான் இறங்க மாட்டன்.

வெள்ளவத்தை வாசன்:
ரெண்டு பேர் சொன்னதையும் அப்படியே ரெண்டு பேருக்கும் அனுப்பிட்டன். மாமா கணக்கன் அண்ணையின்ர பக்கம். மாமி சிவம் அண்ணையின்ர நம்பர் கேக்கிறா. குடுக்கவோ?