பாலியில் இரவுச் சாப்பாடு: பேக்கேஜிலேயே சேர்க்கலாமா, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாமா?

ஏற்காடு எக்ஸ்பிரஸ்:
2026 மார்ச் 15 முதல் ஆறு இரவு பாலி போகிறோம். நான், மனைவி, ஏழு வயதுப் பையன், அப்பா, அம்மா. அப்பா சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. அம்மா மீன் மட்டும் சாப்பிடுவார். நாங்கள் இருவரும் பன்றி, மாடு தவிர எல்லாம். முதல் மூன்று இரவு உபுத், அடுத்த மூன்று கூட்டா. டிராவல்ஸ்காரர் இரண்டு விலை கொடுத்திருக்கிறார். காலை உணவு மட்டும் சேர்த்து ஒன்று, ஆறு நாளும் டின்னர் சேர்த்து ஒன்று. ஐந்து நாள் இந்தியன் பஃபே, ஐந்தாம் நாள் ஜிம்பரான் கடற்கரையில் மீன் டின்னர். பெரியவர் ஒருவருக்கு 7,200 ரூபாய் கூடுதல். வாங்கலாமா? மனைவி வேண்டாம் என்கிறாள், அம்மா வேண்டும் என்கிறார், நான் நடுவில் இருக்கிறேன்.

வடைமாலை:
அப்பா சைவம் என்று எழுதிய இடத்திலேயே விடை வந்துவிட்டது சார். வாங்கிவிடுங்கள். பகல் முழுக்க வெயிலில் கோயில், அருவி, வயல் என்று அலைந்துவிட்டு இரவு எட்டு மணிக்கு ஒரு பெரியவரை நிறுத்திவைத்து, இதில் இறால் இருக்கிறதா, அதில் கோழி இருக்கிறதா என்று கடை கடையாகக் கேட்பது சுற்றுலா இல்லை, தண்டனை. பாலிக்காரர்கள் பெரும்பாலும் இந்துக்கள், அதனால் சைவம் தாராளமாகக் கிடைக்கும் என்று நம் ஆட்கள் நினைத்துக்கொண்டு போகிறார்கள். அங்கே கோயில் விசேஷத்துக்கே பன்றி அறுப்பார்கள். லாவார் என்று காய்கறிப் பொரியல் மாதிரியே ஒன்று தட்டில் இருக்கும், அதில் கொத்துக்கறி மட்டுமல்ல, பல இடங்களில் ரத்தமும் கலந்திருக்கும். சம்பால் என்கிற மிளகாய்ச் சட்னியில் தெராசி, அதாவது இறால் விழுது. அப்பளம் என்று நினைத்து எடுக்கும் குருபுக்கிலும் பெரும்பாலும் இறால்தான்.

முட்டைதோசை:
வடைமாலை அண்ணன் சொல்வதைக் கேட்டால் பாலியில் காய்கறியே விளையாது போலிருக்கிறது. 7,200ஐ ஆறால் வகுத்துப் பாருங்கள், ஒரு வேளைக்கு 1,200 ரூபாய். ஆயிரம் இந்தோனேசிய ரூபியாவுக்கு நம் பணம் ஐந்து ரூபாய் சொச்சம் என்று வைத்தால், ஒரு தலைக்கு இரண்டு லட்சம் ரூபியாவுக்கு மேல். சாதாரண வாருங்கில், அதாவது உள்ளூர்ச் சின்னச் சாப்பாட்டுக் கடையில், சோறு, மூன்று நான்கு வகை, சம்பால் வைத்த நாசி சம்புர் 25,000 முதல் 50,000க்குள் முடிந்துவிடும். சரி, காசை விடுங்கள். அந்த பஃபேயில் என்ன இருக்கும்? டூரிஸ்ட் பஸ் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து இறங்கும் ஹாலில் மஞ்சள் பருப்பு, பனீர், ஜீரா சாதம், காய்ந்த நான். இதைச் சேலத்தில் நீங்கள் வாரம் எத்தனை நாள் சாப்பிடுகிறீர்கள்? நம் ஊர்ச் சாப்பாடும் இல்லை, அந்த ஊர்ச் சாப்பாடும் இல்லை, அதைத் தின்ன விமானம் ஏறிப் போக வேண்டுமா?

வடைமாலை:
தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும் என்று நினைக்கிறேன். எழுபது வயதுக்காரருக்குப் பருப்பும் ரொட்டியும் சூடாகக் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பிறகு தெரியும்.

முட்டைதோசை:
வயதை எல்லாம் இழுக்காதீர்கள் அண்ணே. பருப்பு, ரொட்டி வேண்டுமென்றால் கூட்டாவிலும் லெகியானிலும் தெருவுக்குத் தெரு இந்தியக் கடை இருக்கிறது, அன்றைக்கு நடந்துபோய் வேண்டியதை மட்டும் ஆர்டர் செய்யலாம். முன்பணம் கட்டி ஆறு இரவையும் அடமானம் வைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கொங்குக்காரி:
மாமியாரோடு போய் வந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் இருவருமே உபுத், கூட்டா இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுகிறீர்கள். உபுத்தில் சைவத்துக்குப் பஞ்சமே இல்லை. யோகா, தியானம் என்று வரும் வெள்ளைக்காரர்களுக்காகப் பால்கூடச் சேர்க்காத சமையல் செய்யும் கடைகள் ஏகப்பட்டது. விலை அதிகம், அளவு குறைவு, ஆனால் எதில் என்ன போட்டிருக்கிறது என்று மெனுவிலேயே எழுதியிருக்கும். கஷ்டம் என்னவென்றால் அங்கே பச்சை இலையும் விதையும் கிண்ணத்தில் போட்டு வருவதைப் பார்த்து என் மாமியார், இதைச் சமைத்துத் தர மாட்டார்களா என்று கேட்டார். டெம்பே கோரெங், அதாவது புளித்த சோயாவைப் பொரித்தது, அவருக்குப் பிடித்துவிட்டது. வெள்ளைச் சோறு, டெம்பே, தோஃபு, கீரை, அதோடு வீட்டிலிருந்து கொண்டுபோன பருப்புப்பொடி. பிரச்சினையே இல்லை.

ஆனால் முட்டைதோசை, கண்ணாடிப் பெட்டிக்குள் குவித்துவைத்திருக்கும் வாருங் சாப்பாட்டை இரவு எட்டு மணிக்கு ஏழு வயதுக் குழந்தைக்குக் கொடுக்கச் சொல்லாதீர்கள். அது பெரும்பாலும் காலையில் சமைத்தது. அந்தச் சூட்டில் அந்நேரம் வரை இருந்தால் என்ன ஆகும்? இந்த வயிற்றுக்கோளாறுக்குப் பாலி பெல்லி என்று வெளிநாட்டுக்காரர்கள் பேர் வைத்திருக்கிறார்களே, அது சும்மா வந்ததில்லை.

முட்டைதோசை:
இரவு எட்டு மணிக்குப் போகச் சொல்லவே இல்லையே அக்கா. வாருங் மதியத்துக்கு. பதினொன்றரை, பன்னிரண்டுக்குப் போனால் எல்லாம் புதிது, உள்ளூர் ஆட்களும் அப்போதுதான் வருவார்கள். இரவுக்கு, கண்ணெதிரே சட்டியில் போட்டுத் தருகிற கடை. நாசி கோரெங் (வறுத்த சோறு), மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்), சாப் சாய் (வதக்கிய காய்கறி) எல்லாம் அப்படித்தான். பெட்டியில் இருப்பதைவிட அடுப்பில் இருப்பது பத்திரம். ஆனால் இந்த நியாயத்தை பஃபேக்கும் சொல்லுங்கள், ஆறு மணிக்குத் தட்டில் கொட்டிய பனீரை ஒன்பது மணிக்கு எடுத்துச் சாப்பிடுவதும் அதே கதைதான்.

பினாங்குத் தமிழன்:
மலாய் தெரிந்தவன் என்பதால் நாலு வார்த்தை. அங்கே பேசுவது இந்தோனேசிய மொழி, ஆனால் சாப்பாட்டுக் கடை அளவுக்கு எங்கள் மலாய் போதும். அப்பாவுக்காக இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள் அண்ணே: "தான்பா டாகிங், தான்பா ஆயாம், தான்பா ஈக்கான், தான்பா தெலூர், தான்பா தெராசி". இறைச்சி, கோழி, மீன், முட்டை, இறால் விழுது எதுவும் வேண்டாம். ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். 'சைவம்' என்று பொதுவாகச் சொன்னால் கோழியை எடுத்துவிட்டு அதே சாற்றை ஊற்றித் தருவார்கள், அவர்கள் கணக்கில் அது சரி. பையனுக்கு "சம்பால் பீசா", சம்பாலைத் தனியாக வைத்துவிடுவார்கள்.

பன்றி வேண்டாம் என்றால் ஜாவாக்காரர்கள், சுமத்ராவின் பாடாங்காரர்கள் நடத்தும் முஸ்லிம் கடைகளுக்குப் போங்கள், ஹலால் போர்டு இருக்கும். பாடாங் கடை என்றால் ஜன்னலில் தட்டுகளைக் கோபுரமாக அடுக்கியிருப்பார்கள். சில இடங்களில் உட்கார்ந்ததுமே எல்லா வகையையும் மேசையில் பரப்புவார்கள், தொட்டதற்கு மட்டும் காசு, பயப்படாதீர்கள். ரென்டாங் மாடு, அதைத் தள்ளிவைத்துவிடுங்கள். பலாக்காய்க் குழம்பு அங்கே அருமையாக இருக்கும், ஆனால் சிலர் அதில் கொழுப்பு சேர்ப்பார்கள், அப்பாவுக்கு என்றால் கேட்டே வாங்குங்கள்.

வடைமாலை:
பாருங்கள், ஒரு வேளை சோற்றுக்கு ஐந்து வாக்கியம் மனப்பாடம். இதற்குத்தான் பஃபே என்றேன்.

நடுக்கடல்:
ஜிம்பரானைப் பற்றி யாருமே பேசவில்லையே. மணலில் மேசை, மெழுகுவத்தி, எதிரே சூரியன் இறங்குவது, பக்கத்தில் விமானம் இறங்குவது, எல்லாம் அழகுதான். தேங்காய் மட்டையில் சுட்ட மீன், சோறு, கங்குங் கீரை, சம்பால். குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே மீன் விலை எடைக்கணக்கு. மெனுவில் போட்டிருப்பது நூறு கிராமுக்கா, கிலோவுக்கா என்று பார்க்காமல் விரலைக் காட்டியவர்கள் பில் வந்ததும் வாயடைத்து உட்கார்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதற்கு மேல், விலைக்குப் பக்கத்தில் இரண்டு பிளஸ் குறி. அது 10% வரி, அப்புறம் சர்வீஸ், ஐந்திலிருந்து பத்து சதவீதம் வரை. டிரைவர் கூட்டிப்போகிற கடை என்றால் அவருடைய கமிஷனும் உங்கள் மீனில்தான் ஏறும்.

அதே கடற்கரையில் வடக்கே கொஞ்சம் நடந்தால் கெடோங்கானான் மீன் மார்க்கெட். படகிலிருந்து வந்த மீனைப் பேரம் பேசி வாங்கி, பக்கத்துக் கடையில் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு சுட்டுத் தருவார்கள். நாற்றம் இருக்கும், ஈரம் இருக்கும், மெழுகுவத்தி இருக்காது. மீனின் கண்ணைப் பார்த்து வாங்கத் தெரிந்த அம்மாவாக இருந்தால் அவரையே முன்னால் விடுங்கள்.

வடைமாலை:
கமிஷன் என்றாலே எல்லாருக்கும் கோபம் வருகிறது. நாள் முழுக்க வண்டி ஓட்டுவதற்கு ஆறேழு லட்சம் ரூபியா வாங்குகிறார்கள், பெட்ரோல் உட்பட. அதில் அவர்கள் கையில் என்ன நிற்கும்? நம் ஊரில் ஹைவே மோட்டலில் டிரைவருக்கு இலவசச் சாப்பாடு கொடுப்பதில்லையா? அவர் கூட்டிப்போகிற கடையில் சாப்பாடு மோசம் என்று அர்த்தமில்லை.

நடுக்கடல்:
மோசம் என்று நானும் சொல்லவில்லை. விலை அவருக்காக ஏற்றப்பட்டது என்கிறேன். ஒரு வழி இருக்கிறது. காலையிலேயே டிரைவரிடம், நீங்கள் மதியம் எங்கே சாப்பிடுவீர்கள், அங்கேயே எங்களையும் கூட்டிப்போங்கள் என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே நல்ல நாசி சம்புர் கடைக்குத்தான் போவார். அவருக்கும் சேர்த்து நீங்கள் கொடுத்துவிடுங்கள், கமிஷனைவிட உங்களுக்கு மலிவு.

முட்டைதோசை:
இதை ஆமோதிக்கிறேன். மொபைலில் ஸ்டார் பார்த்துப் போவதைவிட இது எவ்வளவோ மேல். அந்த ஐந்து ஸ்டார்களில் பாதி, ரிவ்யூ போட்டால் ஜூஸ் இலவசம் என்று மேசையிலேயே அட்டை வைத்து வாங்கியது.

கொங்குக்காரி:
ரிவ்யூவை ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். ஸ்டாரைப் பார்க்க வேண்டாம், படங்களைப் பாருங்கள், மெனு படம் போட்டிருப்பார்கள், விலை தெரிந்துவிடும். அதைவிட முக்கியம் தூரம். செமின்யாக், சங்கு பக்கமெல்லாம் மாலையில் எட்டு கிலோமீட்டர் போக ஒரு மணி நேரம்கூட ஆகும். யாரோ சொன்ன கடையைத் தேடி அவ்வளவு தூரம் போனால் பையன் வண்டியிலேயே தூங்கிவிடுவான். அந்த நேரத்தில் எங்கே இருக்கிறோமோ அதைச் சுற்றி நடக்கிற தூரத்தில் சாப்பிடுங்கள். பஃபேயில் எனக்கு இருக்கும் ஆட்சேபமும் இதுதான். அது ஓட்டலுக்குப் பக்கத்திலா, ஊருக்கு அந்தப் பக்கமா என்று ஏஜென்ட் சொல்லியிருக்கிறாரா?

நிற்க. தேதியை இப்போதுதான் சரியாகப் பார்த்தேன். 15ல் ஆரம்பித்தால் ஐந்தாம் நாள் 19. அன்றைக்கா ஜிம்பரான் டின்னர்?? 2026ல் ஞெபி மார்ச் 19!

ஏற்காடு எக்ஸ்பிரஸ்:
ஆமாம், 19 என்றுதான் அட்டவணையில் இருக்கிறது. ஞெபி என்றால்?

பினாங்குத் தமிழன்:
அவர்களுடைய சக வருடப் பிறப்பு, மௌன நாள். 19 காலை ஆறு மணி முதல் 20 காலை ஆறு மணி வரை தீவு மொத்தமும் மூடியிருக்கும். கடை இல்லை, வண்டி இல்லை, விமான நிலையமே மூடல். ஓட்டல் வாசலைத் தாண்டினால் பெசாலாங் என்ற ஊர்க்காவலர்கள் திருப்பி அனுப்புவார்கள். இரவில் வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது. 2018 முதல் மொபைல் இணையத்தையும் அன்று நிறுத்துகிறார்கள். கடற்கரையில் மேசை போட்டு மெழுகுவத்தி ஏற்றி மீன் டின்னர் என்று எழுதிக் கொடுத்தவர் காலண்டரே பார்க்கவில்லை. முந்தின நாள் 18 மாலை ஓகோ ஓகோ ஊர்வலம், பூதப் பொம்மைகளைத் தூக்கி வருவார்கள், பையனுக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் மதியத்துக்கு மேல் சாலைகளை மூட ஆரம்பித்துவிடுவார்கள். அன்றைக்குத்தானே உபுத்திலிருந்து கூட்டா போகிறீர்கள்? காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

இன்னொன்று. அதே வாரம் நோன்புப் பெருநாள், பிறையைப் பொறுத்து 20 அல்லது 21. ஜாவாக்காரர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். நான் மேலே சொன்ன முஸ்லிம் கடைகள் பல அந்த நாள்களில் பூட்டியிருக்கும், நோன்பு மாதத்தில் பகலில் திரை போட்டு நடத்துவதும் உண்டு.

வடைமாலை:
அப்படியென்றால் பேக்கேஜ் டின்னர் இன்னும் அவசியம் ஆகிறது. கடைகளெல்லாம் பூட்டியிருக்கும் நாளில் எங்கே போய் அலைவார்கள்?

முட்டைதோசை:
அண்ணே, பேக்கேஜ் டின்னர் நடக்கும் ரெஸ்டாரன்டும் அதே தீவில்தானே இருக்கிறது!

கொங்குக்காரி:
19க்கு ஓட்டல் சமையலறை ஒன்றுதான் வழி. விருந்தினருக்கு உள்ளேயே சாப்பாடு கொடுப்பார்கள், ஆனால் மெனு சுருக்கமாக இருக்கலாம், சில இடங்களில் முன்கூட்டியே கேட்பார்கள். இப்போதே ஓட்டலுக்கு மெயில் போட்டு, முட்டை சேர்க்காத சைவம் ஒருவருக்கு, மூன்று வேளைக்கும் என்று எழுதி வாங்குங்கள். அப்பாவுக்கு 18 காலையே பழம், பிரெட், தயிர் வாங்கி அறையில் வைத்துவிடுங்கள்.

ஏற்காடு எக்ஸ்பிரஸ்:
எல்லாருக்கும் நன்றி. ஏஜென்டுக்கு போன் போட்டேன். "ஓ, அப்படியா சார், அதை 20க்கு மாற்றிவிடலாம்" என்கிறார். பஃபே எங்கே என்று கேட்டதற்கு, உபுத்தில் இருக்கும் மூன்று நாளும் கோயில் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், ஓட்டலிலிருந்து நாற்பது நிமிடம். டின்னர் இல்லாத விலைக்கே பணம் கட்டப் போகிறேன். உபுத்தில் கொங்குக்காரி மேடம் சொன்னபடி, 19 ஓட்டலில், கூட்டாவில் அப்பாவுக்காக ஒரு வேளையாவது இந்தியக் கடை. 20ஆம் தேதி கெடோங்கானானில் மீன் வருமா? முந்தின நாள் யாரும் கடலுக்குப் போயிருக்க மாட்டார்களே.

நடுக்கடல்:
நல்ல கேள்வி. 20 காலை ஆறு மணி வரை படகு இறங்காது. அன்று காலையில் இருப்பது பெரும்பாலும் ஐஸில் வைத்த பழைய சரக்காகத்தான் இருக்கும். உங்களுக்கு 21 தானே விமானம்? நேரம் மதியத்துக்கு மேல் என்றால் அன்று காலை போங்கள், மார்க்கெட்டும் விமான நிலையமும் பக்கம் பக்கம்தான்.

வடைமாலை:
பெட்டி படுக்கையோடு மீன் மார்க்கெட்டுக்கு! அப்பாவின் பருப்புப்பொடியை மட்டும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் சார்.