‘ஹெட்-டு-ஹெட்’ விதி: நேருக்கு நேரா, தம்முளா?

வணக்கம்.

கால்பந்துச் சொற்பட்டியலில் ‘பிரிவு’, ‘கோல் வித்தியாசம்’ இரண்டிலும் தகராறில்லை, நாளிதழ்கள் பழக்கிவிட்டன. புள்ளியில் சமமான அணிகளை, அவை ஒன்றோடொன்று ஆடிய ஆட்டங்களை மட்டும் வைத்துப் பிரிக்கும் ‘ஹெட்-டு-ஹெட்’டுக்கு ‘நேருக்கு நேர்’ என்று போட்டிருப்பதுதான் உறுத்துகிறது.

2018 உலகக் கோப்பைக்கான ஐரோப்பியத் தகுதிச்சுற்றின் ஏ பிரிவை எடுத்துக்கொள்வோம். பிரான்ஸ் 23 புள்ளி, முதலிடம். ஸ்வீடனும் நெதர்லாந்தும் தலா 19. இவை மோதியதில் சோல்னாவில் 1-1, ஆம்ஸ்டர்டாமில் நெதர்லாந்துக்கு 2-0 வெற்றி. இதை முதலில் பார்த்திருந்தால் இரண்டாமிடம் நெதர்லாந்துக்கு. ஆனால் அந்தத் தகுதிச்சுற்றின் விதிப்படி முதலில் பிரிவின் எல்லா ஆட்டங்களுக்குமான கோல் வித்தியாசம், பிறகு அடித்த கோல்கள், அதற்கும் பிறகுதான் ஹெட்-டு-ஹெட். ஸ்வீடன் +17, நெதர்லாந்து +9. லக்சம்பர்க்கை ஸ்வீடன் 8-0 என்று நொறுக்கியதால், ஸ்வீடனுடனான கடைசி ஆட்டத்தில் நெதர்லாந்துக்கு ஏழு கோல் வித்தியாச வெற்றி தேவைப்பட்டது. 2016 யூரோ (ஐரோப்பியக் கோப்பை) தகுதிச்சுற்றில் வரிசை தலைகீழ்: ஹெட்-டு-ஹெட் முதலில்.

இப்படி முடிவையே மாற்றும் விதிக்கு ‘நேருக்கு நேர்’ என்றால், வாசகர் இரு நாடுகளும் ஆதியிலிருந்து ஆடிய மொத்தக் கணக்கை நினைப்பார். விளையாட்டுப் பக்கங்களில் அதற்குத்தான் அந்தச் சொல் புழங்குகிறது.

---

பதில்:

‘இப்பிரிவில்’ என்று முன்னால் சேர்த்தால் குழப்பம் தீருமே ஐயா. பெயர்ச்சொல்லாக வேண்டுமென்றால் ‘நேர்மோதல்’. புதுச்சொல் எதற்கு?

---

பதில்:

இரண்டு அணிகள் என்றால் தீரும். மூன்று சமமானால்? 2004 யூரோவின் சி பிரிவில் ஸ்வீடன், டென்மார்க், இத்தாலி மூன்றும் 5 புள்ளி. அப்போது பல்கேரியாவுடனான ஆட்டங்களைத் தள்ளிவிட்டு, மூன்றும் ஒன்றோடொன்று ஆடியவற்றை மட்டும் வைத்துக் குட்டிப் பட்டியல் போட வேண்டும். மூன்று ஆட்டமும் டிரா: 0-0, 1-1, 2-2. புள்ளியும் சமம், வித்தியாசமும் சமம். அடித்த கோல் ஸ்வீடன் 3, டென்மார்க் 2, இத்தாலி 1. இத்தாலி வெளியே. இதில் யார் யாருக்கு ‘நேர்’?

‘தம்முள்’ என்பது என் பரிந்துரை. சமமான அணிகள் தம்முள் ஆடியவை ‘தம்முள் ஆட்டங்கள்’. அவற்றிலிருந்து ‘தம்முள் புள்ளி’, ‘தம்முள் பட்டியல்’. இரண்டுக்கும் பொருந்தும், நான்குக்கும் பொருந்தும். ‘நேருக்கு நேர்’ பழைய வரலாற்றுக் கணக்குக்கே இருக்கட்டும்.

---

பதில்:

மூன்று அணி வாதத்தை ஏற்கிறேன். ‘தம்முள்’ என்பது உருபேற்ற சொல், பெயரடைபோல் நிற்குமா என்று இலக்கணக்காரர்கள் கேட்பார்கள். ‘ஊருக்குள் சண்டை’ நிற்கும்போது இதுவும் நிற்கும்.

எனக்கு வேறு பயம். ‘தம்முள் கோல்’ என்று எழுதினால் தன் வலைக்குள்ளேயே அடித்த சேம்சைடு கோல் என்றுதான் பாதிப்பேர் படிப்பார்கள். கோலுக்கு மட்டும் ‘தம்முள் ஆட்டக் கோல்’ என்று முழுதாக எழுதலாமா?

---

பதில்:

எழுதலாம். பட்டியல் தலைப்பில் இடம் போதாது, அங்கே ‘த.ஆ. கோல்’ என்று சுருக்கி, விரிவை அடிக்குறிப்பில் தருவோம். ‘நேர்மோதல்’ பதிவை ‘தம்முள் ஆட்டம்’ பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறேன்.